மீட்டரைச் சந்தேகப்பட்ட டாக்டர்



லேப்ல ரீடிங் தப்பா வந்தா முதல்ல என்ன பண்ணுவீங்க? போர்டைத் திட்டுவோம். காம்பொனென்ட் போச்சுன்னு சொல்லுவோம். மொத்த சர்க்யூட்டையும் பிரிச்சுப் போட்டு மறுபடி கனெக்ட் பண்ணுவோம். அரை மணி நேரம் கழிச்சு லேப் அசிஸ்டென்ட் வந்து பார்த்தா, மீட்டரோட ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்து கிடக்கும். சர்க்யூட் பாவம், அது ஒழுங்காத்தான் இருந்திருக்கும்.

இப்போ அந்த சர்க்யூட் இருந்த இடத்துல ஒரு மனுஷனை வச்சுப் பாருங்க. மீட்டர் இருந்த இடத்துல ஒரு மனநல மருத்துவமனை. ரீடிங் தப்பா வருது. பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம், அந்த மனுஷனோட மூளைதான் சரியில்லைன்னு புத்தகத்துலயே எழுதி வச்சிட்டாங்க. 28 வயசு டாக்டர் ஒருத்தர்தான் மீட்டரைச் சந்தேகப்பட்டார். அவர் பேர் ஃபிரான்ஸ் ஃபனான். இந்த இதழில் அவரோட கதையைத்தான் பார்க்கப் போறோம்.

ஃபனான் 1925 ஜூலை 20 அன்று மார்ட்டினிக் தீவில் ஃபோர்-து-ஃபிரான்ஸ் நகரில் பிறந்தார். கரீபியன் கடலில் இருக்கும் சின்னத் தீவு அது. அப்போது பிரெஞ்சுக்காரர்களின் காலனி. தீவில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததெல்லாம் பிரான்ஸைப் பற்றித்தான். பையனும் தன்னை முழு பிரெஞ்சுக்காரன் என்றே நம்பி வளர்ந்தான். அவர் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் கவிஞர் எமே செசேர். கறுப்பாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்தத் தீவில் உரக்கச் சொன்ன மனிதர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஹிட்லரை எதிர்த்துப் போராட 18 வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார் ஃபனான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தானாகவே போனார். சண்டையில் காயம்பட்டார், வீரப் பதக்கமும் வாங்கினார். அந்தப் பதக்கத்துக்கான பாராட்டுரையில் கையெழுத்துப் போட்ட கர்னலின் பேர் ரவுல் சலான். இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவார்.

போர் முடிந்ததும் லியோன் நகரில் மருத்துவம் படிக்கப் போனார். அங்கேதான் முதல் அடி விழுந்தது. அடித்தது ஒரு சின்னக் குழந்தை. அவரைப் பார்த்து, ஒரு கறுப்பன் இருக்கிறான், பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் ஒட்டிக்கொண்டது. பதக்கம், படிப்பு, சுத்தமான பிரெஞ்சுப் பேச்சு எதுவுமே அந்த நிமிடத்தில் உதவவில்லை. தன் உடம்பையே அந்நியமாகப் பார்க்க வைத்த அந்த அனுபவத்தைப் பின்னாளில் விரிவாக எழுதினார்.

நாமா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? ரூமுக்குப் போய் அழுதிருப்போம், இல்ல யார்கிட்டயாவது சண்டை போட்டிருப்போம். ஃபனான் அதை ஆராய்ச்சிக் கேள்வியாக மாற்றினார். ஒரு மனிதனுக்குத் தாழ்வு மனப்பான்மை எங்கிருந்து வருகிறது? வீட்டிலிருந்தா, குழந்தைப் பருவத்திலிருந்தா, இல்லை அவனைச் சுற்றியிருக்கும் சமூகம் அதைத் தினமும் அவனுக்குள் இறக்குகிறதா? இதையெல்லாம் வைத்து எழுதியதைப் பட்டத்துக்கான ஆய்வேடாகக் கொடுக்க நினைத்தார். இது நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று, பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோயைப் பற்றி வேறொரு ஆய்வேடு எழுதி 1951-ல் பட்டம் வாங்கினார். நிராகரிக்கப்பட்டது 1952-ல் புத்தகமாக வந்தது. அதுதான் இன்று உலகமெங்கும் படிக்கப்படும் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்'. (ப்ராஜெக்ட் ரிவ்யூல ரிஜெக்ட் ஆனவங்க இந்த வரியை மறுபடி ஒரு தடவை படிச்சுக்கலாம்!)

அடுத்ததாக அவர் போனது தெற்கு பிரான்ஸில் சென்ட் அல்பான் என்ற ஊரின் மனநல மருத்துவமனைக்கு. அங்கே பிரான்செஸ்க் தொஸ்கெல் என்ற டாக்டர் இருந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்திலிருந்து தப்பி வந்தவர். அவரது கொள்கை ரொம்ப எளிமையானது: நோயாளியைக் குணப்படுத்தும் முன்னால் மருத்துவமனையைக் குணப்படுத்து. பூட்டிய அறை, உத்தரவு போடும் டாக்டர், பேசாமல் கிடக்கும் நோயாளி என்று இருந்தால் அந்த இடமே ஒரு நோய். அதனால் அங்கே நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள், வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஃபனான் இதையெல்லாம் ஒன்றேகால் வருடம் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டார்.

1953 நவம்பரில் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அல்ஜீரியா அப்போது பிரான்ஸின் பிடியில். மருத்துவமனைக்குள்ளேயே ஐரோப்பியர்களுக்குத் தனி வார்டு, அல்ஜீரிய முஸ்லிம்களுக்குத் தனி வார்டு. இவர் பொறுப்பில் வந்தவர்கள் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும்.

அந்த ஊரில் மனநல மருத்துவம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? அன்துவான் பொரோ என்ற பேராசிரியர் தலைமையில் ஒரு கூட்டமே இருந்தது. வட ஆப்பிரிக்கர்கள் பிறவியிலேயே முரடர்கள், பொய்யர்கள், அவர்களுக்கு மூளையின் மேல்பகுதி சரியாக வேலை செய்வதில்லை என்பது அவர்களின் போதனை. இதைக் கல்லூரியில் பாடமாகவே நடத்தினார்கள். யோசிச்சுப் பாருங்க, ஒரு ஜனத்தோட நிலத்தைப் பிடுங்கிட்டு, அவங்க கோபப்பட்டா, அந்தக் கோபம் மூளைக் கோளாறுன்னு சர்டிஃபிகேட் கொடுத்தா எவ்வளவு வசதி!

ஃபனான் தன் வேலையைத் தொடங்கினார். சென்ட் அல்பானில் கற்றதை அப்படியே இரண்டு வார்டிலும் இறக்கினார். வாராந்திரக் கூட்டம், பத்திரிகை, சினிமா, பாட்டு, கைவேலை, கிறிஸ்துமஸ் விழா. ஐரோப்பியப் பெண்கள் வார்டு கொஞ்ச நாளிலேயே உயிர் பெற்றது. முஸ்லிம் ஆண்கள் வார்டிலோ மாதக்கணக்கில் முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் பேசவில்லை. சினிமா அவர்களை இழுக்கவில்லை. கைவேலையைத் தொடவில்லை.

கதையில் முக்கியமான இடம் இதுதான். பொரோவின் ஆட்கள் இருந்திருந்தால், நாங்கதான் அப்பவே சொன்னோமே என்று ஃபைலை மூடியிருப்பார்கள். ஃபனானும் அவரோடு வேலை பார்த்த இளம் டாக்டர் ஜாக் அசூலேவும் உட்கார்ந்து தங்கள் திட்டத்தையே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பத்திரிகை நடத்தினோமே, இவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாதே! பின்னல் வேலை கொடுத்தோமே, இவர்கள் ஊரில் அது பெண்கள் செய்யும் வேலையாச்சே! கொண்டாடிய விழாக்கள் இவர்களுடையது இல்லையே! பேசியது மொழிபெயர்ப்பாளர் வழியாக. இந்த மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்ததெல்லாம் கோர்ட்டிலும் அரசு அலுவலகத்திலும்தானே, எப்படி மனம் திறப்பார்கள்?

தப்பு தன்னுடையது என்று 1954-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிப்படையாகவே எழுதினார்கள். காலனியை எதிர்க்கும் தானே, பிரான்ஸில் செல்லுபடியாகும் முறை எல்லாருக்கும் பொருந்தும் என்று யோசிக்காமல் நம்பிவிட்டதை ஃபனான் ஒத்துக்கொண்டார்.

பிறகு செட்டப்பை மாற்றினார்கள். மருத்துவமனைக்குள் உள்ளூர் பாணியில் ஒரு காபிக் கடை வந்தது. முஸ்லிம் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி ஒருவர் வரவழைக்கப்பட்டார். கையில் மண்வெட்டி கிடைத்த விவசாயிகள் தோட்டத்தில் இறங்கினார்கள். பேசாத வார்டு பேச ஆரம்பித்தது. நோயாளிகள் அதே ஆட்கள்தான். மாறியது அவர்களைச் சுற்றி இருந்தவை.

இன்னொரு உதாரணமும் உண்டு. படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் ஒரு புகழ்பெற்ற மனோதத்துவச் சோதனை ஹார்வர்டில் உருவானது. அதை அல்ஜீரியப் பெண் நோயாளிகளிடம் நடத்தினார் ஃபனான். அவர்கள் கதை எதுவும் சொல்லவில்லை, படத்தில் தெரிந்த பொருள்களை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். கற்பனையே இல்லாதவர்கள் என்று முடிவு கட்ட அதுவே போதும். ஆனால் ஒன்றுமே வரையாத வெற்று அட்டையைக் காட்டியபோது அதே பெண்கள் சரளமாகக் கதை சொன்னார்கள். அந்தப் படங்களில் இருந்த வீடு, உடை, மனிதர்கள் எல்லாம் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. மீட்டர் தப்பு, அவ்வளவுதான்.

இதற்குள் 1954 நவம்பர் 1-ல் அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்துவிட்டது. சித்திரவதைக்கு ஆளானவர்களும் ஃபனானிடம் வந்தார்கள், சித்திரவதை செய்த போலீஸ்காரர்களும் வந்தார்கள். இரண்டு தரப்புக்கும் சிகிச்சை கொடுத்தார். ஒருநாள் சிகிச்சைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், மருத்துவமனைத் தோட்டத்தில், தான் விசாரணையில் வதைத்த ஒரு அல்ஜீரியரை நேருக்கு நேர் பார்த்துவிட்டார். போலீஸ்காரர் மரத்தில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நோயாளியோ, தன்னை மறுபடி பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கழிவறையில் ஒளிந்துகொண்டு உயிரையே விடப் பார்த்தார். நீ பார்த்தது பிரமை, இங்கே போலீஸ் வர முடியாது என்று அவரிடம் சொல்லித்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

நல்லா கவனிங்க. அந்த நோயாளி பார்த்தது நிஜம். அவர் பயமும் நியாயம். ஆனா அவரைக் காப்பாத்த, அது பிரமைன்னு பொய் சொல்ல வேண்டியிருக்கு. வெளியே மனிதர்களைத் தொடர்ந்து நசுக்கும் ஏற்பாடு இருக்கும்போது உள்ளே உட்கார்ந்து அவர்களைக் குணப்படுத்துவதற்கு என்ன அர்த்தம்? 1956 கடைசியில் அல்ஜீரியாவை ஆண்ட பிரெஞ்சு அமைச்சர் ரொபேர் லகோஸ்துக்கு ராஜினாமா கடிதம் அனுப்பினார் ஃபனான். ஒரு ஜனத்தையே சொந்த மண்ணில் அந்நியராக்கும் சமூகத்தில், நோயாளியை அந்தச் சமூகத்துக்கு ஏற்றவனாக மாற்றிக் கொடுக்கும் வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்பதுதான் அதன் சாரம். 1957 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அதே சமயத்தில் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவத்தின் தலைமைத் தளபதி யார் தெரியுமா? அன்று பாராட்டுரையில் கையெழுத்துப் போட்ட அதே ரவுல் சலான்.

துனிசியாவுக்குப் போய் தேசிய விடுதலை முன்னணியின் பத்திரிகையில் எழுதினார். டாக்டர் வேலையையும் விடவில்லை. காலையில் வந்து சிகிச்சை பெற்று மாலையில் வீட்டுக்குத் திரும்பும் பகல்நேர மனநல மையம் ஒன்றைத் துனிஸ் மருத்துவமனையில் நடத்தினார். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமலே மருத்துவம் செய்யலாம் என்று காட்டினார்.

1960 கடைசியில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மிச்சமிருந்த மாதங்களில் வேகவேகமாகச் சொல்லச் சொல்ல எழுத வைத்ததுதான் 'பூமியில் சபிக்கப்பட்டவர்கள்'. 1961 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபோது இறந்தார். வயது 36. விரும்பியபடியே உடல் அல்ஜீரிய மண்ணில் புதைக்கப்பட்டது. அந்த நாடு விடுதலை அடைந்ததைப் பார்க்க இன்னும் ஏழு மாதம் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் வன்முறையை நியாயப்படுத்துகிறது என்று இன்றும் சண்டை நடக்கிறது. அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பலர் கடைசி அத்தியாயம் வரை போவதில்லை. வன்முறை செய்தவன், பட்டவன் இருவர் மனமும் எப்படிச் சிதைகிறது என்று ஒரு டாக்டராக அவர் எழுதிய நோயாளிக் குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன. இன்னொன்று, எல்லா மனநோய்க்கும் சமூகம்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. மருந்து, மின் அதிர்ச்சி என்று அன்றைய சிகிச்சைகளையும் பயன்படுத்திய டாக்டர் அவர்.

அவருக்குப் பின் என்ன ஆச்சு? மனோதத்துவத்தை ஏழைகளின் பக்கத்திலிருந்து எழுதவேண்டும் என்று எல் சால்வடாரில் வாதாடிய பாதிரியார் இக்னாசியோ மார்ட்டின் பாரோ 1989-ல் ராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலை உளவியல் என்று ஒரு துறையே இன்று இருக்கிறது. 2021-ல் அமெரிக்க உளவியல் சங்கம், இனவெறிக்குத் தன் துறை துணைபோனதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. பிளிடா மருத்துவமனைக்கு இப்போது ஃபனானின் பேர்தான்.

அடுத்த தடவை கிளாஸ்ல பேசாத பையன், ஹாஸ்டல்ல யார்கூடவும் சேராத பொண்ணு யாரையாவது பார்த்தா, அவங்களுக்கு என்ன கோளாறுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. நாம பேசுற மொழி அவங்களுக்குப் புரியுதா? நம்ம ஜோக்ல அடிபடுறது யாரு? நம்ம கூட்டத்துல அவங்களுக்கு உட்கார இடம் இருக்கா?

முதல்ல மீட்டரைச் செக் பண்ணுங்க மக்களே!