பனியில் பாதை போட்ட மெக்கானிக்



ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று பேரவையில் கேட்டார்கள். எடிசன், விஸ்வேஸ்வரய்யா பற்றியெல்லாம் நம் சீனியர்கள் ஏற்கெனவே எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் ஆட்டோமொபைல் பிரிவு. அதனால் நம்மைப் போலவே கையில் ஸ்பேனரைப் பிடித்து, கிரீஸ் கறையோடு முன்னேறிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பெயர் ஜோசப் அர்மான்ட் பம்பார்டியர். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் என்ற வண்டியை உலகுக்குக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

கனடாவின் க்யூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1907 ஏப்ரல் 16-ல் பிறந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். மகன் பாதிரியார் ஆகவேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஷெர்புரூக் நகரத்துச் செமினரியில் சேர்த்துவிட்டார்கள். பையனுக்கோ மனசெல்லாம் மெஷின் மேலே.

பையன் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறானே என்று அப்பா ஒரு பழைய ஃபோர்டு காரைக் கொடுத்தார். அதன் இன்ஜினைக் கழற்றி ஒரு பனிச் சறுக்கு வண்டியின் பின்னால் ஏற்றினான் பையன். மரத்தைச் செதுக்கி ஒரு புரொப்பெல்லர் செய்து இன்ஜினில் மாட்டினான். 1922 டிசம்பர் 31 அன்று தம்பி லியோபோல்ட் முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங் பார்க்க, அண்ணன் பின்னால் இன்ஜினைப் பார்க்க, ரெண்டு பேரும் ஊர்த்தெருவில் பறந்தார்கள். வயது 15! ஊரே வாயைப் பிளந்தது. அப்பாவோ பின்னால் சுழலும் அந்த விசிறியைப் பார்த்துப் பதறிப்போய், உடனே கழற்றிப் போடச் சொல்லிவிட்டார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. மூடி எதுவும் இல்லாமல் சுழலும் மர விசிறிக்குக் கையும் தெரியாது, கழுத்தும் தெரியாது.

17 வயதில் செமினரியை விட்டு வெளியே வந்தார். கராஜ்களில் உதவியாளராகச் சேர்ந்தார். மான்ட்ரீல் நகரத்தில் பகலில் வேலை, இரவில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் வகுப்புகள். இன்ஜினியரிங் பட்டம் எதுவும் அவர் வாங்கவில்லை. 1926-ல், 19 வயதில், அப்பாவிடம் கடன் வாங்கி வால்கோர்ட்டிலேயே சொந்த கராஜ் திறந்தார். சில வருடங்களில் கடனை அடைத்தும் விட்டார். தேவையான டூல்ஸ் பலவற்றைத் தானே செய்துகொண்டார். பக்கத்து ஓடையில் சின்னதாக அணை கட்டி, டர்பைன் வைத்துத் தன் மெஷின்களை ஓட்டினார்.

ஆனால் குளிர்காலம் வந்தால் கராஜுக்கு வேலை இல்லை. அந்தக் காலத்தில் அங்கே கிராமச் சாலைகளில் பனியை அள்ள மாட்டார்கள். கார்கள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். குதிரை வண்டிதான் கதி. அந்த ஓய்வு மாதங்களில்தான் பம்பார்டியர் பனி வண்டி ஆராய்ச்சி செய்தார். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு புது மாடல், ஒரு புது தோல்வி. ஒன்றிரண்டு பேர் போகும் லேசான வண்டிதான் அவர் கனவு. அன்றைக்குக் கிடைத்த இன்ஜின்களோ பெரும் பாரம். வண்டி பனியில் புதைந்துவிடும்.

இதை நாம் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 75 கிலோ மனிதர் ஒருவர் ரெண்டு காலிலும் நிற்கிறார். பாதங்களின் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.19 கிலோ அழுத்தம். இப்போது அதே மனிதர் 250 கிலோ வண்டியில் உட்காருகிறார். தரையில் படும் ட்ராக் 38 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளம். முன்னால் உள்ள ஸ்கீக்களைக் கணக்கில் சேர்க்காமலே 0.07 கிலோதான் வருகிறது. நடக்கும் மனிதன் முழங்கால் வரை புதைகிற இடத்தில் வண்டி மேலேயே ஓடும். எடையைக் குறைக்கணும், இல்லையென்றால் பரப்பி விடணும். விஷயம் அவ்வளவுதான்.

1934 குளிர்காலத்தில் இந்த ஆராய்ச்சி அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அவருடைய ரெண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி. அது முற்றி வயிற்றுக்குள் பரவிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யவேண்டும். ஆஸ்பத்திரியோ சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஷெர்புரூக்கில். சாலையெல்லாம் பனி மூடிக் கிடக்கிறது. கராஜில் பாதி முடிந்த நிலையில் ஒரு பனி வண்டி நிற்கிறது, ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனது. ஊரிலேயே பனி வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதனின் மகனுக்கு ஒரு பனி வண்டி கிடைக்கவில்லை. இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவர் வேலையை விடவில்லை. அடுத்த வருடமே, 1935-ல், விடை கிடைத்தது. மற்றவர்களின் ட்ராக் வண்டிகளில் இரும்புப் பற்சக்கரத்தில் பனி ஒட்டி, கட்டியாகி, ட்ராக்கையே கழற்றிவிடும். இவர் பற்சக்கரத்துக்கு ரப்பர் போர்த்தினார். ரப்பர் பட்டைகளை இரும்புக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து ட்ராக் ஆக்கினார். ரப்பரில் பனி ஒட்டவில்லை. 1937-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னால் ட்ராக், முன்னால் திருப்புவதற்கு ஸ்கீ. ஏழு பேர் போகும் பி-7 வண்டி விற்பனைக்கு வந்தது. பிறகு பன்னிரண்டு பேருக்கு பி-12. டாக்டர்களும் பாதிரியார்களும் தபால்காரர்களும் வாங்கினார்கள். ஆம்புலன்ஸாகவும் ஓடியது, பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிப் போனது. 1942-ல் கம்பெனியைப் பதிவு செய்தார்.

நல்லா போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில் 1948-ல் அடி விழுந்தது. கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற க்யூபெக் அரசு முடிவெடுத்தது. ஜனங்களுக்கு நல்லது. இவருக்கு விற்பனை பெருமளவு விழுந்தது. அவர் அரசைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. அதே ட்ராக் அறிவைக் காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் திருப்பினார். 1953-ல் மஸ்கெக் என்ற சதுப்பு நில டிராக்டர் வந்தது.

அதற்குள் லேசான இன்ஜின்களும் வந்துவிட்டன. மகன் ஜெர்மெய்ன் மூட்டே இல்லாத முழு ரப்பர் ட்ராக் செய்யும் முறையை உருவாக்கினார். இருபது வருடம் காத்திருந்த பழைய கனவு 1959-ல் ஸ்கீ-டூ என்ற பெயரில் வெளிவந்தது. மரத்தாலான ரெண்டு ஸ்கீ, ஒரே ட்ராக், மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில்பார். முதல் சீசனில் 225 வண்டிகள் விற்றன. வேட்டைக்காரர்களும் மிஷனரிகளும் வாங்குவார்கள் என்று நினைத்த வண்டி, ஜாலியாக ஓட்டும் இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த வளர்ச்சியை முழுசாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. புற்றுநோயால் 1964 பிப்ரவரி 18-ல் காலமானார். வயது 56. அவர் பெயரில் 40-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள்.

இனி நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். எடையை எங்கே வைப்பது என்று அவர் முட்டி மோதிய கேள்விதான், இன்றைக்குப் பனிக்காட்டுப் பாதையில் வேகமாக ஓட்டுபவன் வண்டியை அட்ஜஸ்ட் செய்யும்போதும் வருகிறது. மொபெட்டின் பின்னால் ரெண்டு அரிசி மூட்டை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடுமே, அதே கதைதான். ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் எடை பின்னால் போகும். ட்ராக் நன்றாகப் பிடிக்கும், ஸ்கீ தூக்கும், வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய் மரத்தைப் பார்க்கும். எடையை முன்னால் தள்ளினால் ஸ்கீ கடிக்கும், ஆனால் கை வலிக்கும். பிரேக் பிடித்தால் பின்பக்கம் வழுக்கும்.

அவர் காலத்து வண்டியில் ட்ராக்கை அழுத்திப் பிடித்தவை போகி எனப்படும் சிறு சக்கரக் கூட்டங்கள். இன்றைய வண்டிகளில் அந்த இடத்தில் ஸ்லைடு ரெயில். அதன் முன்பகுதி எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டுப்படுத்த லிமிட்டர் ஸ்ட்ராப் என்றொரு பட்டை உண்டு. அதைக் குறைத்துக் கட்டினால் ஸ்கீ மேல் எடை கூடும். ட்ராக்கின் நடு ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலும் அதே பலன். பின் ஸ்பிரிங்கை ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப வைக்கவேண்டும். ஆள் உட்கார்ந்ததும் மொத்த அசைவில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. ரொம்பத் தளர்வாக இருந்தால் பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன் ஸ்பிரிங்குகள் ரெண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கவேண்டும். வளைவில் வண்டி சாய்ந்தால் ஆன்டி-ரோல் பாரைக் கொஞ்சம் இறுக்கலாம்.

ஸ்டீயரிங்கில் முதலில் ஹேண்டிலை நேராக வைத்து, ரெண்டு ஸ்கீக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளக்கவேண்டும். முன்பக்கம் சில மில்லிமீட்டர் மட்டும் அகலமாக இருக்கட்டும். இது காரில் நாம் படித்த டோ-அவுட்தான். ஸ்கீயின் அடியில் உள்ள கார்பைடு முனைகள் மழுங்கியிருந்தால் மேலே எந்த ஸ்பிரிங்கைத் திருகியும் பயனில்லை. முக்கியமான விதி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்ததை நோட்டில் குறித்துக்கொண்டு, அதே பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

பம்பார்டியரின் கம்பெனி பின்னாளில் ரயிலும் விமானமும் செய்தது. டெல்லி மெட்ரோவில் ஓடும் பல பெட்டிகள் அந்தக் கம்பெனியின் குஜராத் தொழிற்சாலையில் தயாரானவை. 2003-ல் ஸ்னோமொபைல் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. 2021-ல் ரயில் பிரிவு கைமாறியது. வால்கோர்ட்டில் அவர் பெயரால் ஒரு மியூசியம் இருக்கிறது. அங்கே அவருடைய முதல் கராஜைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களே, டிப்ளமோதானே என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் இந்த மனிதரை நினைத்துக்கொள்வோம். பத்து வருடம் தோற்று, பெற்ற பிள்ளையையும் பறிகொடுத்து, அதற்கு அடுத்த குளிர்காலமும் அதே கராஜுக்குள் போய் விளக்கைப் போட்டவர் அவர். நம்ம ஒர்க்ஷாப்பில் அரைகுறையாக நிற்கும் ப்ராஜெக்ட்டுக்கும் நாளைக்கு ஒருவர் காத்திருக்கலாம். முடித்துக் காட்டுவோம், வாருங்கள்!