கரிக்கோச்சியின் மூச்சைத் திருத்தியவர்

1990இல் யாழ்தேவி நின்றுபோனபோது எனக்கு நினைவு தெரியாத வயது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குள் போன பிறகு வளர்ந்தவர்கள் நாங்கள். 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற முதியவருக்கு அதில் திருப்தியில்லை. பழைய கரிக்கோச்சி தூரத்தில் வரும்போதே மூச்சுவிடுகிற சத்தம் கேட்குமாம். இதற்கு மூச்சே இல்லையாம்.

அந்த மூச்சு என்னவென்று தேடப்போய்த்தான் அந்த்ரே ஷப்லோன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளரிடம் வந்து சேர்ந்தேன். ஊடகக் கற்கை படித்த எனக்கு இயந்திரங்கள் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் இந்த மனிதரின் கதையை விட மனம் வரவில்லை.

1892இல் பிரான்ஸின் லுவார் பகுதிக் கிராமமொன்றில் பிறந்தவர் அவர். முதலாம் உலகப்போர் அவருடைய படிப்பையும் குழப்பியது. பீரங்கிப் படையில் இருந்துவிட்டுத் திரும்பி, 1921இல்தான் பட்டம் பெற்றார். முதலில் சேர்ந்த புகையிரதக் கம்பனியில் முன்னேற வழி தெரியாமல், அதை விட்டுத் தொலைபேசிக் கம்பனியொன்றுக்கும் போனார். 1925இல் பாரிஸ்–ஓர்லியன்ஸ் புகையிரதக் கம்பனி அவரை ஆய்வுப் பிரிவில் சேர்த்துக்கொண்டது.

இனி அந்த மூச்சுக்கு வருவோம். பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவியைச் சும்மா வெளியே விடுவதில்லை. புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் வாயால் மேல்நோக்கிப் பீறிடவிடுகிறார்கள். அது போகிற வேகத்தில் புகையையும் சூடான வாயுக்களையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவையால் அடுப்புக்குள் புதுக் காற்று பாயும், கரி கொழுந்துவிட்டு எரியும். அம்மம்மா ஊதுகுழலால் அடுப்பை மூட்டுவாரே, அதே வேலை; இங்கே ஊதுவதற்குப் பதில் உறிஞ்சல். இயந்திரம் கடினமாக உழைக்க உழைக்க நெருப்பும் தானாகவே கூடும்.

சிக்கல் எங்கேயென்றால், இழுவை பலமாக வேண்டுமானால் குழாயின் வாயை ஒடுக்கவேண்டும். வாய் ஒடுங்கினால் நீராவி வெளியேற முடியாமல் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். கரியை எரித்துப் பெற்ற வலுவில் ஒரு பங்கு, தன் கழிவை வெளியேற்றவே செலவாகிவிடும். தலைமுறை தலைமுறையாக இதைத் தவிர்க்கமுடியாத நட்டம் என்றே பலரும் விட்டிருந்தார்கள்.

பின்லாந்துக்காரரான கிலாலா, நீராவியை நான்கு கிளைகளாகப் பிரிக்கும் அமைப்பொன்றைச் செய்திருந்தார். ஷப்லோன் அதை எடுத்து, அதற்கு மேல் விரிந்த வாய்க் குழலையும் புகைபோக்கியையும் அடுக்கடுக்காகப் பொருத்தினார். ஒரே தடவையில் இழுக்காமல் படிப்படியாக இழுக்கும் ஏற்பாடு அது. பிரிந்துபோகும் நீராவி வாயுக்களைத் தொடும் பரப்பும் கூடியது. வாயை ஒடுக்காமலே இழுவை கிடைத்தது. இருவர் பெயரையும் சேர்த்து அதற்குக் கில்ஷாப் என்று பெயர்.

புகைபோக்கியோடு அவர் நிற்கவில்லை. நீராவி போகும் வழிகள் எல்லாவற்றையும் அகலமாக்கினார், நீராவியின் வெப்பத்தையும் கூட்டினார். 1929இல் 3566 என்ற இயந்திரம் இப்படித் திருத்தப்பட்டு வெளிவந்தது. சுமார் 2000 குதிரைவலுவோடு திணறிய அது 3000 வரை கொடுத்தது, கரியும் குறைவாகவே தின்றது. உண்மையில் அவருடைய பெரிய சாதனைகள் பலவும் பழைய இயந்திரங்களைத் திருத்தியதில்தான் வந்தன. உள்ளதை வைத்து ஓட்டப் பழகிய எங்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

இங்கிலாந்தின் கிரெஸ்லி இதைக் கவனித்தார். 1938 ஜூலை 3ஆம் திகதி மணிக்கு 126 மைல் ஓடிய அவருடைய மலார்ட்டில் இருந்தது இரட்டைக் கில்ஷாப். நீராவி இயந்திரத்துக்கு இன்றும் அதுதான் உலக சாதனை.

பிறகு மறுபடியும் போர். ஷப்லோனின் ஆறு உருளை கொண்ட சரக்கு இயந்திரமொன்று 1940இல் தயாராகியும் 1948இல்தான் முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. 1946இல், தோல்வி என்று ஒதுக்கப்பட்டிருந்த இன்னோர் இயந்திரத்தை 242 ஏ 1 ஆக மாற்றினார். அதற்கு மூன்று கில்ஷாப். உருளைகளில் 5000 குதிரைவலுவைத் தாண்டியது. ஐரோப்பாவில் அதை மிஞ்சிய நீராவி இயந்திரம் இல்லை என்கிறார்கள்.

ஆனால் பிரான்ஸ் மின்சாரத்தின் பக்கம் போக முடிவெடுத்திருந்தது. அந்த முடிவு பிழையென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்றையாவது வைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். அவர் வரைந்திருந்த புதிய இயந்திரங்கள் கட்டப்படவில்லை. 1953இல் ஓய்வுபெற்றார். 1960இல் 242 ஏ 1 இரும்புக்காக உடைக்கப்பட்டது. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1978இல் பாரிஸில் காலமானார்.

மலார்ட் இங்கிலாந்தின் யோர்க் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் இரட்டைப் புகைபோக்கி மட்டும் ஷப்லோனுடையது.