கல்லிற் கடல் கண்ட ஸ்டோலிச்கா

மேலூரைச் சூழ்ந்துள்ள குன்றுகளில் எத்துணைக் காலம் தேடினும் ஓர் உயிரின் சுவடும் அகப்படாது. அவை நிலத்தின் ஆழத்தே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகள். ஆயின், அவ்வூர் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை திருச்சிராப்பள்ளியையும் காவிரியையும் கடந்தபின் நிலத்தின் இயல்பே வேறாகின்றது. ஊட்டத்தூர், காரை, அரியலூர் முதலிய இடங்களில் ஓடைக்கரையைக் கிளறினால் சங்கும் கிளிஞ்சிலும் கல்லாய்க் கிடக்கும். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன் ஆங்கே கடல் அலைவீசிற்று. ஆதியாகமம் நாள்தோறும் ஓதப்படும் இல்லத்திற் பிறந்த எனக்கு அவ்வெண் முதலில் அச்சமே தந்தது. அக்கல்லொன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபின் அச்சம் வியப்பாயிற்று.

அக்கடலின் உயிர்களை இனம் பிரித்து உலகறியச் செய்த பெருமகனார் பெர்டினாந்து ஸ்டோலிச்கா. 1838ஆம் ஆண்டில், ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்த மொராவியாவில் பிறந்தவர், வியன்னாவிற் பயின்றவர். 1862இல் கல்கத்தா வந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் அமர்ந்தார். திருச்சி ஜில்லாவின் அப்பகுதியை ஹென்றி பிளான்போர்டு முன்னரே ஆராய்ந்து, கல்லுருக்களைத் திரட்டியிருந்தார். அவற்றை விளக்கி எழுதும் பணியைப் பிளான்போர்டு தொடங்க, ஸ்டோலிச்கா மேற்கொண்டு நடத்தினார்.

பிறர் திரட்டியதை மேசைமேல் வைத்து எழுதுதல் எளிதன்றோ என்பார் உளர். நான் அங்ஙனம் எண்ணேன். அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டினை எடுத்துக்கொள்வோம். வைணவர் போற்றும் சாளக்கிராமத்துட் காணும் சக்கரமும் அதுவே. கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் வீடு அது. அதன் உள்ளறைகளைப் பிரிக்கும் சுவர்கள் புற ஓட்டைத் தொடும் இடத்தில் இலைநுனி போன்ற நெளிகோடுகள் தோன்றும். இனத்துக்கு இனம் அவை வேறுபடும். அந்நெளிவுகளை வரைந்து, ஐரோப்பியக் கற்களோடு ஒப்பிட்டு, இவ்வடுக்கு முந்தியது, இவ்வடுக்குப் பிந்தியது என்று துணிதல் வேண்டும். அம்மோனைட்டுகளோடு அமையாமல் சங்கு, சிப்பி, கடல்முள்ளெலி, பவளம் அனைத்தையும் அவர் அவ்வாறே ஆராய்ந்தார். நான்கு பெருந்தொகுதிகளாக அந்நூல் 1873இல் முற்றுப்பெற்றது. இடையிடையே இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் ஆராய்ந்தார். பறவை, பாம்பு, நத்தை பற்றியும் எழுதிக் குவித்தார். உடல்தான் தளர்ந்தது.

ஆயினும், அவ்வாண்டே பார்சைத் என்பார் தலைமையில் யார்க்கந்துக்குச் சென்ற தூதுக்குழுவில் சேர்ந்தார். மீளும் வழியில் காரகோரக் கணவாயைக் கடந்தபின், உயர்மலை நோயால் 1874 ஜூன் 19ஆம் நாள் முர்கோ என்னுமிடத்தில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயதே. லே நகரில் அவர் கல்லறை உளது. பிளான்போர்டு திரட்டியவற்றை அவர் எழுதியதுபோல, யார்க்கந்தில் அவர் திரட்டியவற்றைப் பிறர் எழுதி வெளியிட்டனர்.

அவர் மறைந்த அதே ஆண்டில் அத்துறையிற் சேர்ந்தவர் ரிச்சர்டு லைடெக்கர். ஊட்டத்தூர் அடுக்கிற் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளை ஆராய்ந்து, அவை இக்தியோசாருடையவை என்று 1879இல் அவர் அறிவித்தார். மீனின் வடிவும், ஊர்வனவற்றின் பிறப்பும் உடையது அவ்விலங்கு. நீருள் வாழ்ந்தும் மூச்சுக்கு மேலெழுந்து வரும். முட்டையிடாது குட்டியே ஈனும். ஸ்டோலிச்கா எழுதிய அம்மோனைட்டுகள் நீந்திய கடலில், அவற்றின் உறவினங்களை இரையாக உண்டு திரிந்தது அது.