பட்டம் பெறாதவரைத் தேடி வந்த பட்டம்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், தஞ்சைத் தரணியில் வளர்ந்து உலக அறிஞர் அவையில் தமிழுக்கு இடம் தேடித் தந்த பெருமகனார் ஒருவரை நினைவுகூர்தல் நம் கடமையாகும். அவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்தம் ஊர். 1855 பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர், வருவாயோ குறைவு. மகனுக்குத் தமிழாசிரியர் வாய்க்கும் ஊர்களை நாடிக் குடும்பம் இடம்பெயர்ந்தது. இறுதியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். 1876இல் அப்பெரும்புலவர் மறையும்வரை அவர்பால் பயின்றார். ஆங்கிலக் கல்வியோ, பல்கலைக்கழகப் பட்டமோ அவருக்கு இல்லை.

1880இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே, அந்நகரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னார், முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடையாயிற்று.

அவ்வினா அவர் வாழ்வின் திசையை மாற்றியது. சைவத் திருமடத்தின் நிழலில் பயின்றவர், கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடி ஐயம் தெளிந்தார். கறையானுக்கும் நெருப்புக்கும் ஆற்றுநீருக்கும் இரையாகி வந்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன.

அச்சேறிய நூல்கள் கடல் கடந்தன. பாரிசில் தமிழ் கற்பித்த சூலியன் வின்சோன் கும்பகோணத்திற்குக் கடிதம் விடுத்தார். ஆக்ஸ்போர்டிலிருந்து ஜி.யு. போப்பும் தொடர்பு கொண்டார்.

மணிமேகலைப் பதிப்பு அவருக்குப் பெருஞ்சோதனையாயிற்று. பௌத்தக் கருத்துகளை விளக்குவார் தமிழகத்தில் அரியர். உடன் பணியாற்றிய அரங்காசாரியார், மேலைநாட்டறிஞர் பௌத்தம் பற்றி எழுதிய ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழில் எடுத்துரைத்தார். இவர் கேட்டுத் தெளிந்தார். தமிழ்க் காப்பியம் ஒன்று அயல்நாட்டார் ஆராய்ச்சியின் துணையால் விளக்கம் பெற்று, 1898இல் மீண்டும் தமிழர் கைக்கு வந்தது. கொடுத்தலும் கொள்ளலும் ஒருங்கே நிகழ்ந்த அறிவுறவு அது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் அரசு மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமளித்தது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. எந்தக் கல்லூரியிலும் மாணவராய்ப் பயிலாதவரைப் பல்கலைக்கழகத்தின் உயரிய சிறப்பு தேடி வந்தபோது, அவருக்கு அகவை எழுபத்தேழு. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அறியாததை அறியேன் என ஒப்புக்கொண்ட அன்றே அவர்தம் உயர்வு தொடங்கிற்று. மாற்றுச் சமயத்தாரிடமும் மாற்று மொழியாரிடமும் கேட்டுக் கற்க அவர் நாணியதில்லை. கவிஞர்களாகிய நாம் இன்று எளிதில் எடுத்தாளும் சங்க வரிகள் பலவும் அந்த நாணாமையால் நமக்கு வாய்த்தவை. அவர் ஏற்ற பட்டத்தினும் அவர் கேட்ட வினாக்களே நமக்கு வழிகாட்டுவனவாகுக.