அமிர்தாஞ்சனம் கண்ட நாகேசுவரராவ் பந்துலு

நம் கள்ளக்குறிச்சிச் சந்தையிலே கல்வராயன் மலை வேரென்று ஏதோ ஒன்றைக் காட்டி, எல்லா நோய்க்கும் இஃதொன்றே மருந்தெனக் கூவுவாரை நாம் கண்டிருக்கிறோம். விக்டோரியா மகாராணியார் காலத்தில் இவ்வாணிகத்தைப் பத்திரிகைகளின் வாயிலாக உலகெங்கும் நடத்தியவர் இலண்டன் நகரத்துத் தாமஸ் ஹாலோவே. அவர் மாத்திரையில் இருந்தவை கரியபோளம் முதலிய பேதிச் சரக்குகளே. விளம்பரமோ அதனைச் சர்வரோக நிவாரணியாக்கிற்று.

அக்காலத்தின் இறுதியில், நம் நாட்டில் மருந்து வாணிகத்திற் புகுந்தவர் காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு. 1867-ல் கிருஷ்ணா ஜில்லாவிற் பிறந்து, 1891-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பட்டம் பெற்றுப் பின் பம்பாய் சென்றார். 1893-ல் அங்கே அமிர்தாஞ்சனம் என்னும் தைலத்தை ஆக்கினார். பெயர் அடக்கமுடையதென்று நாம் சொல்லோம். அமிர்தம் சாவையே நீக்குவதன்றோ! ஆயினும் சரக்கு தலைவலிக்கும் உடல்வலிக்குமே உரியது. தொடக்கத்தில் அவர் அதனைச் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக வழங்கினார். நெற்றியில் தடவியவனுக்குக் குளிர்ச்சி உடனே தோன்றும். மெய்யோ பொய்யோ என்பதை அவனே அறிவான். கூலிக்கு எழுதிய நற்சான்று அங்கே வேண்டுவதில்லை.

ஈட்டிய பொருளை என் செய்தார்? 1908-ல் பம்பாயில் ஆந்திர பத்திரிகை என்னும் வாரத்தாளைத் தொடங்கினார். அது 1914-ல் சென்னையில் நாளிதழாயிற்று. 1924-ல் பாரதி என்னும் இலக்கியத் திங்களிதழையும் கண்டார். ஆந்திரர் அவரைத் தேசோத்தாரகர் என அழைத்தனர். ஹாலோவேயும் மகளிர்க்குக் கல்லூரி அமைத்தார் என்பதை நாம் மறவோம். அக்கொடைக்குப் பொருள் தந்தோர், வீண் நம்பிக்கையை விலைக்கு வாங்கிய நோயாளர் என்பதையும் மறவோம்.

பந்துலு 1938-ல் காலமானார். மயிலாப்பூரில் ஒரு பூங்கா அவர் பெயரால் வழங்குகிறது. அவர் தந்த மஞ்சள் தைலம் நம் மலையடிவாரக் கடைகளிலும் கிடைக்கிறது.