ஒரு சோற்றுப் பதம்: பி.சி. மகலனோபிஸ்

தச்சநல்லூர்ப் பக்கம் நெல் வாங்க வருபவர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதில்லை. ஓரிடத்தில் குத்தி, உள்ளங்கையில் விழும் மணிகளைக் கண்டு விலை சொல்வார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் துணிவு அது. மூட்டையின் அடியில் ஈரநெல் இருந்துவிட்டால்? இவ்வையத்தை எண்ணால் அளக்க முனைந்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். 1915இல் தாயகம் திரும்பிய கப்பலில், உடன்கொணர்ந்த ‘பயோமெட்ரிகா’ என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளைப் படிக்கத் தொடங்கினார். அப்படிப்பு அவர் வாழ்வின் திசையையே மாற்றியது. இயற்பியல் பேராசிரியராக இருந்துகொண்டே, 1931இல் பிரசிடென்சி கல்லூரியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் முதலாண்டுச் செலவு 238 ரூபாய்!

வங்கத்தின் சணல் விளைநிலங்களை அளக்கையில், குலுக்கல் முறையில் தேர்ந்த சில நிலங்களே போதும் என்றார். ஆயினும் ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரு கணக்கும் எவ்வளவு விலகுகின்றனவோ, அவ்வளவுக்குப் பிழையின் அளவு புலப்படும். பிழையை மறைக்காமல் அளந்து சொன்னதே அவரது தனிச்சிறப்பு.

நாடு விடுதலை பெற்றபோது ஆலைகளுக்கும் இவ்வறிவு தேவைப்பட்டது. தரக்கட்டுப்பாட்டின் முன்னோடியான அமெரிக்கர் வால்ட்டர் ஷூவார்ட், நிறுவனத்தின் அழைப்பை ஏற்று 1947–48இல் இந்தியா வந்தார். பின்னர் பம்பாய், பெங்களூர் முதலிய நகரங்களில் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் அமைந்தன.

அவை கற்பித்த முறையைக் கோவில்பட்டித் தீப்பெட்டியைக் கொண்டே விளக்கலாம். எல்லாக் குச்சிகளையும் உரசிச் சோதித்தால் விற்பதற்குக் குச்சி மிஞ்சாது. நூற்றுக்கு இரண்டே பழுது என்பது ஆலையின் கூற்று. அதுவே நம் கருதுகோள். குலுக்கி எடுத்த 200 குச்சிகளில் 4 பற்றாமல் போவது இயல்பு. ஐந்தோ ஆறோ தற்செயலாகவும் நேரும். ஆனால் 9 பற்றவில்லையெனில்? கூற்று மெய்யாயின், ஒன்பதோ அதற்கு மேலோ பழுதாவது நூறு சோதனைகளில் ஏறத்தாழ இரண்டில்தான் நிகழும். ஆகவே கருதுகோளை மறுக்கிறோம். அவ்விரண்டில் ஒன்றாக இது இருந்தால், நல்ல சரக்கைத் தள்ளியவர்களாவோம். எல்லையைத் தளர்த்தினாலோ பழுதான சரக்கு வாங்குவோரிடம் போய்ச்சேரும். எப்பிழையை எவ்வளவு பொறுப்பது என்பதை முதல் குச்சியை உரசுமுன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

மகலனோபிஸ் 1972 ஜூன் 28 அன்று, தம் 79ஆம் பிறந்தநாளுக்கு முதல்நாள், மறைந்தார். அவர் பிறந்தநாளை 2007 முதல் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.