சபிக்க முடியாமற்போன வாய்

பேயோரின் குமாரனாகிய பிலேயாம் இஸ்ரவேலன் அல்ல; ஐபிராத்து நதியருகே பெத்தூரில் இருந்த குறிசொல்லுகிறவன். (யோர்தான் நாட்டிலே தேயிர் அல்லாவில் 1967-ல் தோண்டியெடுத்த பழைய சுவரெழுத்திலும் அவன் பேர் இருக்கு!)

மோவாபின் ராஜா பாலாக், இஸ்ரவேலைச் சபிக்கச் சொல்லி கூலியோடு ஆளனுப்பினான். தேவன் தடுத்தார், பிலேயாமும் மறுத்தான். அதோடு விட்டிருக்கலாம்ல? பெரிய பிரபுக்கள் வந்ததும், இன்னொரு தரம் கேட்டுப் பார்க்க அவர்களை ராத்தங்க வைத்தான். வழியிலே கழுதை கண்ட தூதனை இவன் காணவில்லை.

மூன்று மலை, 21 பலிபீடம். வாயைத் திறந்தால் ஆசீர்வாதம்தான் வந்தது! பாலாக் கோபத்தில் கையைத் தட்டி, வெறுங்கையாய் அனுப்பினான்.

சபிக்க முடியாதவன் அப்புறம் கண்ணி வைக்க ஆலோசனை கொடுத்தான். பெண்களாலே இஸ்ரவேலர் பாகால்பேயோரிடம் விழுந்தார்கள். வாதையில் 24,000 பேர் செத்தார்கள். பின்பு நடந்த யுத்தத்தில், மீதியானியரோடே பிலேயாமும் பட்டயத்தால் வெட்டுண்டான்.